மீட்டரில் காசு போட்டு ஒரு பூங்கா: பார்க்கிங் இடத்தில் கலைப் பூங்கா அமைக்க ஒரு வழிகாட்டி

2005 நவம்பர் 16, புதன்கிழமை. சான் பிரான்சிஸ்கோ நகர மையத்தில் 'ரீபார்' என்ற கலை, வடிவமைப்புக் குழுவினர் ஒரு பார்க்கிங் மீட்டரில் காசு போட்டார்கள். வழக்கமாகக் காசு போடுகிறவர் காரை நிறுத்துவார். இவர்கள் புல்தரைச் சுருளை விரித்தார்கள். தொட்டியில் ஒரு மரத்தை வைத்தார்கள். ஒரு பெஞ்சைப் போட்டார்கள். இரண்டு மணி நேரம் போனது. மீட்டர் தீர்ந்ததும் புல்லைச் சுருட்டி, பெஞ்சையும் மரத்தையும் ஏற்றி, இடத்தைப் பெருக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

ஜான் பேலா, மேத்யூ பாஸ்மோர், பிளேன் மெர்க்கர் ஆகியோர் இருந்த அந்தக் குழு, தான் செய்ததற்குக் கணக்கும் எழுதியது: நகரத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த பொதுவெளி 24,000 சதுர அடி-நிமிடம். 200 சதுர அடி, 120 நிமிடம், பெருக்கிப் பாருங்கள். நம் ஊர்க் கணக்கில் அரை சென்ட் கூடத் தேறாத நிலம். அந்தப் பூங்காவின் புகைப்படம் இணையத்தில் பரவி, எங்கள் ஊரிலும் வந்து செய்யுங்கள் என்று பலர் அழைத்தபோது, குழு மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகவில்லை. எப்படிச் செய்வது என்று ஒரு கையேடு எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால்தான் 2011இல் 35 நாடுகளின் 162 நகரங்களில் 975 பூங்காக்கள் ஒரே நாளில் முளைத்தன. 'பார்க்கிங் டே' என்ற பெயரில் செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை இன்றும் நடக்கிறது.

இதற்கு ஒரு பாட்டியும் உண்டு. 1970இலேயே பானி ஓரா ஷெர்க் என்ற கலைஞர் அதே சான் பிரான்சிஸ்கோவில், சாலைக்கு மட்டுமே உரிய இடங்களில் புல்லும் மரமும் உயிருள்ள விலங்குகளுமாகத் தற்காலிகப் பூங்காக்களை அமைத்திருந்தார். விலங்கு யோசனையை நீங்கள் விட்டுவிடலாம்.

கலிஃபோர்னியாவில் குடியேறி, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து முதல்முறை இதைச் செய்ய நினைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருந்தால் சட்ட எண்கள் மாறும்; வேலையின் வரிசை மாறாது.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்

முன்பின் தெரியாத ஒருவர் நடைபாதையில் வருகிறார். உங்கள் பூங்காவைப் பார்க்கிறார். யாரிடமும் கேட்காமல் அவர் ஏன் உள்ளே வந்து உட்கார வேண்டும்?

இதற்குப் பதில் இல்லாமல் புல் வாங்கப் போகாதீர்கள். நான் பார்த்தவரையில் தோற்றுப்போகும் பூங்காக்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் தோற்கின்றன. அமைத்தவர்களே வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்; வழிப்போக்கருக்கு அது யார் வீட்டு விருந்தோ என்று தோன்றும்; ஒதுங்கிப் போய்விடுவார். அல்லது சிற்பமும் ஓவியமுமாக நிரப்பி, தொடவே பயமாக வைத்திருப்பார்கள். ரீபார் குழு முதலில் செய்ததை மறுபடி பாருங்கள்: புல், மரம், பெஞ்சு. மூன்றே பொருள். ஆனால் அது என்ன, அங்கே என்ன செய்யலாம் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே உட்காருவதற்கு ஓர் இடம், கைக்கு ஒரு வேலை. இந்த இரண்டும் இருந்தால் போதும். கைக்கு வேலை என்பது சதுரங்கப் பலகையாக இருக்கலாம், ஆளுக்கு ஒரு கோடு வரையும் பெரிய தாளாக இருக்கலாம். கடந்த ஆண்டுகளில் 'பார்க்கிங் டே' அன்று இலவச சைக்கிள் பழுதுபார்ப்பு, மருத்துவ முகாம், காய்கறித் தோட்டம், ஏன், ஒரு கல்யாணம்கூட நடந்திருக்கிறது.

நம்மவர்கள் செய்கிறார்கள் என்றால் எனக்குப் பிடித்தது புள்ளிக் கோலம். அரிசி மாவு வேண்டாம்; புறாவும் எலியும் வந்து சேரும். இங்கே கடையில் கிடைக்கும் ஒட்டுப்பலகை 4 அடிக்கு 8 அடி. பார்க்கிங் இடத்தின் நீளவாக்கில் போட்டால் அடங்கிவிடும். பலகைக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, வெள்ளை வண்ணத்தில் புள்ளிகளை மட்டும் அழியாதபடி வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய சாக்பீஸ். முதல் இரண்டு வளைவை மட்டும் நீங்கள் இழுத்துக் காட்டுங்கள். மீதியை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிக்குக் கோலம் ஒன்றில் மாட்டிக்கொண்ட கணக்கு வாத்தியாரை எழுப்பி அனுப்புவது மட்டும் உங்கள் பாடு. சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்தால் பலகை அடுத்த ஆண்டுக்கும் ஆகும். சாக்பீஸ் தூளைத் தெருவோர வடிகாலில் கழுவிவிடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள இந்த வளைகுடாப் பகுதியின் பெரும்பாலான ஊர்களில் மழைநீர் வடிகால் நேரே கடலுக்குத்தான் போகிறது.

இடம் தேடுவது

ரீபார் குழு தன் இடத்தைப் பிடித்த விதம் இன்றும் சரியான பாடம். நகர மையத்தில், உட்காரப் பொதுவெளி போதாத பகுதியாகப் பார்த்தார்கள். அதிலும் நண்பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை வெயில் விழும் இடமாகப் பார்த்தார்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இது சாதாரணக் காரியமல்ல. சென்னையில் நிழலைத் தேடி இடம் பிடிப்போம். சான் பிரான்சிஸ்கோவில் வெயிலைத் தேட வேண்டும். செப்டம்பர் அங்கே வெதுவெதுப்பான மாதம் என்றாலும், நிழலும் கடற்காற்றும் சேர்ந்தால் யாரும் பத்து நிமிடம் உட்கார மாட்டார்கள்.

எனவே நீங்கள் நினைத்த இடத்துக்கு, நினைத்த நேரத்தில், ஒரு வாரநாளில் போய் நில்லுங்கள். வெயில் எங்கே விழுகிறது, எத்தனை பேர் நடந்து போகிறார்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். கையில் பொட்டலத்தோடு சுவரில் சாய்ந்து நின்று சாப்பிடுகிறவர் ஒருவர் கண்ணில் பட்டாலே இடம் அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு தரையையும் பலகையையும் படியுங்கள். கலிஃபோர்னியாவில் நடைபாதை ஓரக்கல்லின் வண்ணமே சட்டம் பேசும். சிவப்பு என்றால் நிற்கவே கூடாது. மஞ்சள் சரக்கு ஏற்றி இறக்க, வெள்ளை ஆட்கள் ஏறி இறங்க, பச்சை குறுகிய நேரத்துக்கு, நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. இவற்றில் எதையும் தொடாதீர்கள். நீலத்தை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடி தள்ளியிருக்க வேண்டும். பாதசாரிகள் கடக்கும் கோட்டுக்கு முன்னால், வண்டி வரும் பக்கத்தில், 20 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்ற மாநிலச் சட்டத்துக்கு 2025 முதல் அபராதம் போடுகிறார்கள். ஆகவே தெருமுனையிலுள்ள முதல் இடம் ஆசை காட்டினாலும் விட்டுவிடுங்கள். சில தெருக்களில் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் பார்க்கிங் வரிசையே வண்டி ஓடும் பாதையாகிவிடும்; அந்த அறிவிப்புப் பலகை கம்பத்தின் உச்சியில் இருக்கும். அதைப் பார்க்காமல் விட்டால் இழுவை வண்டி உங்கள் பூங்காவின் முன்னால் வந்து நிற்கும். தெரு துப்புரவு வண்டி வரும் நாளையும் அதே கம்பத்தில் பாருங்கள்.

சரிவான தெரு வேண்டாம், வேகமாக வண்டிகள் போகும் தெரு வேண்டாம், வளைவு வேண்டாம்.

அனுமதி

பார்க்கிங் இடத்தைக் காசு கொடுத்துக் குறுகிய காலக் குத்தகைக்கு எடுக்கிறோம், அதில் காரைத்தான் நிறுத்த வேண்டும் என்று என்ன கட்டாயம் என்பதுதான் 2005இல் அந்தக் குழு எழுப்பிய கேள்வி. அழகான கேள்வி. ஆனால் பல நகரங்களின் விதிகளில் 'வாகனம்' என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. அந்தச் சந்தில் புகுந்து வாதாடும் துணிவு உங்களுக்கு இருக்கலாம். உங்களோடு வரும் நண்பர் விசாவில் இருக்கலாம். போலீஸ்காரரோடு தெருவில் நின்று சட்டம் பேச வேண்டிய நிலையே வரக் கூடாது என்பது என் கட்சி. முறையாக அனுமதி வாங்குங்கள்.

நகரப் போக்குவரத்துத் துறையின் அலுவலகத்தைக் கேளுங்கள். சியாட்டில் போன்ற ஊர்களில் 'பார்க்கிங் டே'வுக்கென்றே மாநகராட்சி விண்ணப்பம் வாங்கி அனுமதி வழங்கியிருக்கிறது. அப்படி ஏற்பாடு இல்லாத ஊரில், தெருவிழாவுக்கான அனுமதியோ படப்பிடிப்புக்குப் பார்க்கிங் இடம் ஒதுக்கும் அனுமதியோ பயன்படலாம். இரண்டு மூன்று மாதம் முன்னதாகத் தொடங்குவது நல்லது. அநேகமாக அளவுகளோடு ஒரு வரைபடம் கேட்பார்கள். கட்டத்தாளில் கையால் போட்டதே போதும், எண்கள் தெளிவாக இருந்தால் சரி. பொதுப் பொறுப்புக் காப்பீடு, அதாவது உங்கள் பூங்காவால் யாருக்காவது அடிபட்டால் ஈடுகட்டும் காப்பீடு, கேட்டால் திகைக்க வேண்டாம். ஏற்கெனவே அந்தக் காப்பீடு வைத்திருக்கும் உள்ளூர்க் கலை அமைப்பையோ தமிழ்ச் சங்கத்தையோ இணை அமைப்பாளராகச் சேர்த்துக்கொண்டால் வேலை சுலபம்.

இன்னொரு சிக்கல் புதிதாக வந்திருக்கிறது. 2005இல் மீட்டர் நாணயம் கேட்டது, அவ்வளவுதான். இப்போது பல ஊர்களில் வண்டியின் பதிவு எண்ணைக் கேட்கும் மீட்டர் வந்துவிட்டது. பூங்காவுக்கு நம்பர் பிளேட் ஏது? பணம் கட்டியும் கட்டாததாகவே கணினி காட்டும். அனுமதி கேட்கும்போதே இதையும் கேட்டு, எந்த எண்ணைத் தட்டுவது அல்லது மீட்டர் கட்டணத்தை மொத்தமாக எங்கே கட்டுவது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு அனுமதியைவிட நான் பெரிதாக நினைப்பது அந்த இடத்துக்கு நேர் எதிரே கடை வைத்திருப்பவரின் சம்மதம். அவருக்கு அது வாடிக்கையாளர் வண்டி நிறுத்தும் இடம். அன்று அவர் முகம் சுளித்தால் உங்கள் நாள் கெட்டது. இரண்டு வாரம் முன்னால் நேரில் போங்கள், வரைபடத்தைக் காட்டுங்கள், என்ன நேரம் எடுக்கிறீர்கள், குப்பையை யார் அள்ளுவது என்பதைச் சொல்லுங்கள். அவசரத்துக்குக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்றும் கேட்டுவிடுங்கள். ஆனால் அவர் பெயர்ப் பலகையைப் பூங்காவில் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 'பார்க்கிங் டே' பெயரை விளம்பரத்துக்கும் வியாபாரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்பது தொடங்கியவர்களே வைத்த விதி. உணவு விற்பதும் கூடாது. இலவசமாகக் கொடுப்பதற்கும் சுகாதாரத் துறையின் விதிகள் உண்டு என்பதால், சுண்டல் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்வது உத்தமம்.

அளவும் பொருள்களும்

தெருவுக்கு இணையாக நிறுத்தும் வழக்கமான இடம் 8 அடி அகலம், 20 அடி நீளம். முழுவதையும் நிரப்ப நினைக்காதீர்கள். வண்டி ஓடும் பக்கத்தில் 2 அடி விட்டுவிடுங்கள். முன்னும் பின்னும் நிற்கும் கார்கள் வெளியே வர, இரு முனையிலும் 3 அடி விடுங்கள். மிச்சம் 6 அடிக்கு 14 அடி. 84 சதுர அடி. ஒரு சின்னப் படுக்கையறை அளவு. அதற்குள் அடக்கமாகத் திட்டமிடுவதில்தான் கலையே இருக்கிறது.

தெருப் பக்கம் ஒரு தடுப்பு வேண்டும். கயிறும் காகிதமும் தடுப்பல்ல. மண் நிரப்பிய கனமான செடித் தொட்டிகளை நெருக்கமாக வரிசை வையுங்கள். இடுப்பு உயரம் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஓட்டுநர் கண்ணுக்குப் பாதசாரி மறைந்துவிடுவார். பின்னால் கார்கள் வந்து சேரும் முனையில் இன்னும் கனமானதாக வையுங்கள், பிரதிபலிக்கும் பட்டை ஒட்டிய கூம்புகளும் வேண்டும். இருக்கைகளை நடைபாதையைப் பார்த்துப் போடுங்கள். தெருவைப் பார்த்துப் போட்டால் வழிப்போக்கருக்குத் தெரிவது முதுகுகள் மட்டும்.

புல் உண்மையான புல்லாகவே வேண்டுமா? படத்துக்கு அதைவிட அழகு இல்லை. குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வருவதும் அதற்காகத்தான். இங்கே தோட்டப் பொருள் கடைகளில் சுருளாகக் கிடைக்கும். ஒரு சுருள் பெரும்பாலும் 10 சதுர அடி. நம் அளவுக்கு 9 சுருள் வாங்கினால் ஓரம் வெட்டவும் மிஞ்சும். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை வாங்குங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். சுருட்டிய நிலையில் உள்ளே வெப்பம் ஏறிப் புல் மஞ்சளாகிவிடும். ஈரமான சுருள் ஒன்றைத் தூக்கிப் பார்க்கும்போது இடுப்பு உண்மையைச் சொல்லும். முதலில் தார்ப்பாயை விரியுங்கள், மேலே புல்லைச் செங்கல் கட்டுவதுபோல மூட்டு தள்ளி அடுக்குங்கள். தார்ப்பாய் இல்லாவிட்டால் சாயங்காலம் தாரில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஓரக்கல்லை ஒட்டி ஓடும் நீர்வழியை மட்டும் அடைக்காதீர்கள்.

தண்ணீர்ப் பஞ்சம் பழகிய மாநிலத்தில் ஒருநாள் கூத்துக்குப் புல்லா என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேங்காய் நார்ப் பாயை விரித்து, இந்த மண்ணுக்கே உரிய செடிகளைத் தொட்டியில் சுற்றி வைப்பது நல்ல மாற்று. செடிகளை நர்சரியில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். மரம் என்றால் 15 காலன் தொட்டிக்கு மேல் போகாதீர்கள். இரண்டு பேரால் தூக்கக்கூடியது அதுதான். நிழற்குடை வேண்டவே வேண்டாம். பிற்பகல் காற்று அதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும்.

ஓரக்கல் ஏறக்குறைய 6 அங்குல உயரம். சக்கர நாற்காலியில் வருகிறவர் அதற்கு மேல் நின்றுகொண்டு உங்கள் பூங்காவை வேடிக்கை பார்ப்பார். கழற்றி மாட்டும் சாய்தளம் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அதையும் வரைபடத்தில் காட்டுங்கள். அது இறங்கும் இடத்தில் திரும்புவதற்கு ஐந்தடி வெற்றிடம் வேண்டும் என்பதை வைத்தே மற்றவற்றை அடுக்குங்கள். நடைபாதையில் எதையும் வைக்காதீர்கள்.

அன்றைய நாள்

காலையில் முதல் வேலை இடத்தைப் பிடிப்பது. அனுமதியோடு அறிவிப்பு ஒட்டியிருந்தாலும், விடிகாலையில் உங்கள் காரையே அங்கே நிறுத்திவிடுவது மன நிம்மதி. பொருள் வண்டி வந்ததும் காரை எடுத்துவிட்டு அதை உள்ளே விடுங்கள். முதலில் தெருப்பக்கத் தடுப்பு, பிறகுதான் மற்றது. கழற்றும்போது அதே தடுப்பு கடைசி. அமைக்கும்போது ஒருவர் பிரதிபலிப்புச் சட்டையோடு பின்முனையில் நின்று வரும் வண்டிகளை மட்டும் பார்க்கட்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

நேரத்தில் பேராசை வேண்டாம். முதல்முறைக்கு நண்பகலையொட்டி மூன்று மணி நேரம் போதும். இரண்டிரண்டு பேராக முறை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பூங்காவில் உட்காராமல் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இருக்கைகள் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். காலி இருக்கைதான் அழைப்பு. யாராவது நின்று பார்த்தால் ஓடிப்போய்த் துண்டறிக்கையை நீட்டாதீர்கள். "உட்காருங்கள், இது எல்லாருக்கும்தான்" என்று சொன்னால் போதும். ஒரு சின்னப் பலகையில் அதையே எழுதி வைத்தால் அதுகூடச் சொல்ல வேண்டாம்.

திட்டுகிற ஒருவர் கட்டாயம் வருவார். "இடம் கிடைக்காமல் மூன்று சுற்று சுற்றுகிறேன், நீங்கள் புல் வளர்க்கிறீர்களா?" என்பார். அவரோடு நகரமைப்புக் கொள்கை பேசாதீர்கள். அனுமதிச் சீட்டைக் காட்டி, எத்தனை மணிக்கு இடம் காலியாகும் என்று மட்டும் சொல்லுங்கள். அனுமதி, வரைபடம், கடைக்காரரின் எண், முதலுதவிப் பெட்டி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அந்தப் பை முறைக்காரர் தோளில் இருக்கட்டும். ஒலிபெருக்கி வேண்டாம். வீணையோ கஞ்சிராவோ வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் வாசிக்கட்டும்.

படம் எடுங்கள். ஒன்றையாவது உயரத்திலிருந்து எடுங்கள். எதிர்க்கட்டட மாடியில் இருப்பவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் கிடைக்கும். இரு பக்கமும் கார்க் கூரைகள், நடுவில் பச்சையாக ஒரு சதுரம், அதில் நாலு தலை என்று மேலிருந்து தெரிவது தரையிலிருந்து எடுத்தால் தெரியாது.

கூடவே ஒருவர் கையில் நோட்டு. ஒவ்வொரு கால் மணிக்கும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி எழுத வேண்டும். அமைப்பாளர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கழற்றிய பிறகு

புல் எங்கே போகிறது என்பதை அதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பள்ளித் தோட்டமோ தெரிந்தவர் வீட்டுப் பின்புறமோ ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால், அன்று மாலையே கொண்டுபோய் விரித்துத் தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும். வந்ததைவிடச் சுத்தமாகத் தெருவைக் கொடுங்கள். பக்கத்து இரண்டு இடங்களையும் சேர்த்தே பெருக்கிவிடுங்கள். கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

பிறகு அந்தக் கால் மணிக் கணக்கை எடுங்கள். அதே இடத்தில் வேறொரு நாள், அதே நேரத்தில், எத்தனை கார்கள் வந்து போகின்றன, எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்றும் எண்ணுங்கள். இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதி, மேலிருந்து எடுத்த படத்தோடு சேர்த்து, அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் அப்பகுதி நகரமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். சான் பிரான்சிஸ்கோவில் அந்த இரண்டு மணி நேரப் புல், ஐந்து ஆண்டுக்குள் அரசுத் திட்டமாகவே ஆனது. 2010இல் நகரமே அனுமதித்த 'பார்க்லெட்' என்ற தெருவோர இருக்கைத் தளங்கள் பார்க்கிங் இடங்களில் எழத் தொடங்கின. 2020இல் கொரோனாக் காலத்தில் உணவகங்கள் தெருவுக்கு இறங்கியபோது, பார்க்கிங் இடத்தில் மனிதர்கள் உட்காருவது அந்த ஊருக்குப் புதிதாகவே இல்லை.

உங்கள் தெருவுக்கும் அப்படி ஒன்று கேட்க நினைத்தால், முதல் ஆண்டின் அந்த ஒரு பக்கத்தையும் கடைக்காரரின் சம்மதக் கடிதத்தையும் இணைத்தே விண்ணப்பியுங்கள். பல ஊர்களில் பார்க்லெட்டைப் பராமரிக்கும் பொறுப்பை எதிரே உள்ள கடையோ அமைப்போ ஏற்க வேண்டும். காப்பீடும் ஆண்டுக் கட்டணமும் அவர்கள் தலையில்தான் விழும். அதனால் அவரிடம் கையெழுத்துக் கேட்பதற்கு முன் அந்தச் செலவுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.